கிராம சபையில் கணக்கை வாசிப்பதா, பேசுவதா?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 எல்லாம் அதில் அடக்கம். ஊராட்சியின் வரவு செலவை மக்களுக்குச் சொல்வது அங்கே முக்கியமான பேச்சு.

தாளைப் பார்த்து வாசித்தால் தொகை பிசகாது, தீர்மானத்தின் வாசகமும் மாறாது. ஆனால் பத்தாவது வரிக்குள் கூட்டம் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடும்.

குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முகம் பார்த்துப் பேசினால் கதையே வேறு. "மேலத்தெருவில் மோட்டார் மாற்றினோம், அதனால்தான் குடிநீர்ச் செலவு கூடிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். பின்வரிசையில் இருக்கும் அக்கா எழுந்து, "அப்புறம் ஏன் எங்க தெருவுக்குத் தண்ணி வரல?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தானே சபையே கூடுகிறது! எண்ணைத் தவறாகச் சொல்லிவிடும் ஆபத்து இதில் உண்டு. சரி, கணக்குத் தாளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், தீர்மானத்தை வாசியுங்கள், கணக்கைப் பேசுங்கள். வாசித்தே ஆக வேண்டும் என்றாலும், ஒவ்வொரு தலைப்பு முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, யாருக்குச் சந்தேகம் என்று கேளுங்கள்.