மொட்டை மாடியில் நாலு சனிக்கிழமை

புரசைவாக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பவர் பார்ப்பது, ஃப்ரேம் சரிசெய்வது. தத்துவம் படித்தவன் இல்லை, நாவல் படிப்பேன். ‘ஃபினாமினாலஜியும் நாவலும், நாலு வகுப்பு, 1,200 ரூபாய்’ என்று வாட்ஸப்பில் சுற்றிய நோட்டீஸை ஒரு வாடிக்கையாளர் அனுப்பினார். ஃபினாமினாலஜி என்றால், பொருள்கள் நமக்கு எப்படித் தெரிகின்றன என்று பார்க்கும் தத்துவமாம். போய்விட்டு வந்தேன். நடத்துகிறவர் பெயரை நான் இங்கே போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், பாவம், நல்ல மனிதர்.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நெருக்கும் ஒரு சந்து, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினாலு பேருக்கு இரண்டு ஃபேன், அதில் ஒன்று சாரை விடச் சத்தமாகப் பேசும். ஆறு மணிக்குக் கொசு வந்துவிடும். டீ பிரமாதம்.

முதல் வகுப்பில் சார் ஒரு எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வைத்து, “என்ன தெரியுது?” என்றார். டம்ளர் என்றோம். “பின்பக்கம் தெரியுதா?” தெரியவில்லை. ஆனாலும் யாரும் ‘பாதி டம்ளர்’ என்று சொல்லவில்லையே! ஜெர்மன் தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் 1900 வாக்கில் ஆரம்பித்து வைத்த வேலை இதுதானாம்: வெளியே உலகம் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை ஒத்திவைத்துவிட்டு, அது நமக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது. கதையிலும் அப்படித்தான், எழுதியவர் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறார் என்றார். ஹுஸ்ஸர்லின் மாணவர் இன்கார்டன் 1931-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

அப்புறம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல். படிக்கும்போது உங்களுக்கு மனசில் வந்த அடிபம்பைச் சொல்லுங்கள் என்றார் சார். எனக்கு வந்தது எங்கள் தெரு பம்பு: மஞ்சள் பெயிண்ட், கைப்பிடி உடைந்து, அதற்குப் பதில் இரும்புக் குழாய் செருகி சைக்கிள் டியூப் சுற்றியது. வியாசர்பாடியிலிருந்து வந்த அக்கா சொன்ன பம்புக்கு அடியில் உடைந்த கடப்பைக் கல், அதில் குடம் வைத்து வைத்தே விழுந்த குழி. பதினாலு பேருக்கும் பதினாலு பம்பு. அந்த ஒரு மணி நேரத்துக்கே 1,200 கொடுக்கலாம்.

இரண்டாவது வாரம் பிரெஞ்சு எழுத்தாளர், தத்துவவாதி சார்த்தர். பாரிஸில் ஒரு மதுக்கடையில் நண்பர் ரேமோன் ஆரோன் எதிரே இருந்த கோப்பையைக் காட்டி, “இதைப் பற்றிப் பேசினாலே தத்துவமாகிவிடும்” என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம், சார்த்தருக்கு முகமே மாறிவிட்டதாம். அவருடைய துணைவி சிமோன் தெ பொவார் எழுதி வைத்திருக்கிறார். சார்த்தர் 1933-இல் பெர்லினுக்கே போய் ஹுஸ்ஸர்லைப் படித்தார். 1938-இல் வந்த ‘குமட்டல்’ நாவலில் ரோகான்தான் என்பவன் பூங்காவில் ஒரு மரத்தின் வேரைப் பார்க்கிறான். ‘வேர்’ என்கிற சொல் கழன்று விழுந்துவிடுகிறது, கறுப்பாக ஏதோ ஒன்று மட்டும் மிச்சம். சார் வாசித்துக் காட்டியபோது ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி, ஹைடெகர். 1927-இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் மூக்குக்கண்ணாடி வருகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூக்கின் மேலேயே இருந்தாலும், போட்டிருப்பவருக்கு எதிர்ச்சுவர்ப் படத்தை விட அது தூரத்தில் இருக்கிறதாம். இதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். புதிதாக ப்ரோக்ரெஸிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போட்டவர் மறுநாளே வந்து “படி மேலே வருதுப்பா” என்பார். பத்து நாள் பழகுங்க சார் என்று அனுப்புவேன். பழகிய பிறகு, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே “என் கண்ணாடி எங்கேப்பா?” என்று மேஜையைத் துழாவுவார். அசோகமித்திரன் வாக்கியம் பழகிய கண்ணாடி, சார்த்தர் அதைச் சட்டென்று கழற்றிவிடுகிறார் என்று சொன்னேன். சார் போர்டில் எழுதிக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நாலாவது வாரம்தான் வீண். பதினெட்டுப் பக்க ஜெராக்ஸ், எழுத்து எறும்பு சைஸ். (என் தொழிலுக்கு நல்லது.) ‘தண்ணீர்’ நாவலை வரி வரியாக எடுத்து, இது ஹைடெகர், இது மெர்லோ-பாந்தி (இவரும் பிரெஞ்சு தத்துவவாதி) என்று டிக் போட்டுக்கொண்டே போனார். வியாசர்பாடி அக்கா கேட்டார்: “ஏன் சார், இவங்களை எல்லாம் படிச்சிட்டா அவர் எழுதினாரு?” சார், அது முக்கியமில்லை என்றார். எனக்கு அதுதான் முக்கியமாகப்பட்டது. நாவலாசிரியர் தானே பார்த்து எழுதியதை, யாரோ சொன்னதற்கு உதாரணம் ஆக்கிவிட்டால் அப்புறம் நாவல் எதற்கு? முதல் வகுப்பு முடிந்த ராத்திரி ‘தண்ணீர்’ மறுபடி எடுத்து விடியும் வரை படித்தேன். நாலாவது வகுப்புக்கு அப்புறம் நாலு பக்கம் ஓடவில்லை.

போகிறவர்கள் கொசுவத்தி எடுத்துப் போங்கள். வகுப்பு முடிந்து ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சாப்பிட நேரம் இருக்கும். அடுத்த பேட்ச் தையில் ஆரம்பிக்கிறதாம். மூன்று சனிக்கிழமைக்கு மட்டும் 900 வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.