பழைய எகிப்தின் கல்வெட்டான ரொசெட்டா கல்லைப் பார்க்கப் போகிறீர்களா?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பொதுக் காட்சிக் கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். கல் இருப்பது 4-ஆம் அறையில். கண்ணாடிப் பெட்டியின் முன்பக்கம் செல்போன் கூட்டம் மொய்க்கும், வரிகளை நிதானமாகப் பார்ப்பது கடினம்.

‘மூன்று மொழிக் கல்’ என்று பலரும் சொல்வது தவறு. எகிப்தியம், கிரேக்கம் என மொழி இரண்டுதான், எழுத்துமுறைதான் மூன்று. மேலே சித்திர எழுத்து, நடுவே டெமாட்டிக் (எகிப்தியரின் அன்றாட எழுத்து), அடியில் கிரேக்கம். தலைப்பகுதி உடைந்ததால் சித்திர எழுத்தில் 14 வரிகளே மிச்சம். அவையும் முழுமையாக இல்லை. உள்ளடக்கம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை: கி.மு. 196-இல் ஐந்தாம் டாலமி மன்னரைப் போற்றி பூசாரிகள் வெளியிட்ட ஆணை. வரிச்சலுகை, கோயிலுக்குக் கொடை, இப்படிப் போகிறது. நீள்வட்டக் கோட்டுக்குள் இருக்கும் மன்னர் பெயரைத் தேடிப் பாருங்கள். 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்துகளின் ஒலியைப் பிடிக்க அத்தகைய பெயர்களே கைகொடுத்தன.

கல்லின் வகை கறுப்பு பசால்ட் (எரிமலைப் பாறை) என்று பழைய புத்தகங்களில் இருக்கும். உண்மையில் இது கிரானைட் போன்ற கிரானோடையோரைட் பாறை. 1999-இல் கல்லின் மேல் படிந்திருந்த மெழுகையும் மையையும் சுத்தம் செய்தபோது சாம்பல் நிறம் வெளிப்பட்டது.

தொட்டுப் பார்க்க ஆசையா? 1-ஆம் அறையில் கண்ணாடியில்லாத நகல் இருக்கிறது. கூட்டமும் குறைவு; வரிகளைப் படிக்க அதுவே மேல்.