ஏற்காட்டுக் குளிரில் செம்பருத்தி: மேலே மூடுவதா, அடியில் மூடாக்கு இடுவதா?

சேலத்தில் ஆண்டு முழுவதும் தளராமல் பூக்கும் செம்பருத்தியின் பதியனை, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் நட்டால், மார்கழி பிறந்ததும் மொட்டுகள் உதிர்ந்து, அடியிலைகள் பழுத்து, செடி களையிழந்துவிடுகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைவதால், இரண்டு ஊர்களுக்கும் இடையே 8 டிகிரி அளவுக்கு வேறுபாடு இருப்பது இயல்பே. வெப்பநாட்டுப் புதரான செம்பருத்திக்கு 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி மந்தமாகி, 10 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய நின்றேவிடும்.

ஆயினும் ஊட்டியில் விழுவதைப் போன்ற உறைபனி, ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் அரிது. ஆகவே இங்கே செடியைச் சாவிலிருந்து காப்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. குளிர்ந்த, ஈரம் வற்றாத மண்ணில் அதன் வேர் அழுகாமல் காப்பதே கேள்வி. செடியை மேலே மூடுவதையும், அடிமண்ணில் சருகு பரப்பும் மூடாக்கையும் இந்த அளவுகோலால்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

செடியை மேலே மூடும் வழக்கம் ஏற்காட்டு வீடுகளில் பரவலாக உள்ளது. பலரும் கைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் தாளையே போர்த்திவிடுகிறார்கள். அத்தகைய தாளைக் காலையில் தூக்கிப் பார்த்தால் உட்புறம் முழுவதும் நீர்முத்துகள் கோத்திருக்கும். தாளில் ஒட்டியிருந்த இலைகள் நனைந்து கறுத்திருக்கும். பூஞ்சணத்துக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. வெயில் ஏறிய பிறகும் தாளை எடுக்காவிட்டால் உள்ளே வெக்கை தேங்கித் தளிர் கருகும். பழைய பருத்தி வேட்டியோ சேலையோ இதைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனால் போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பகலில் மண் வாங்கிக்கொண்ட வெப்பம் இரவில் வெளியேறும்போது அதைத் தடுத்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. துணி தரை வரை தொங்க வேண்டும். உச்சியில் குடையைப் போல விரித்துவிட்டு நான்கு புறமும் திறந்திருந்தால் பயன் மிகக் குறைவு.

மூடாக்கின் பயன் வேறு வகையானது. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த ஏற்காட்டில் சில்வர் ஓக் சருகுக்குப் பஞ்சமில்லை. அதனுடன் மக்கிய காப்பித் தோலைக் கலந்து இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால், வேர்மண்ணின் வெப்பம் பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக ஏறி இறங்காது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூடாக்கு மண்ணுக்குள் வெயில் இறங்குவதையும் தடுப்பதால், இரவில் மண்ணிலிருந்து மேலெழும் வெப்பம் குறைந்து, செடியைச் சுற்றியுள்ள காற்று சற்றுக் கூடுதலாகவே குளிரும். வேருக்கு நன்மை செய்வது கொழுந்துக்குச் சிறிது பாதகமாகிறது. மழை ஓயாத கார்த்திகையிலேயே கனமாக மூடாக்கு இட்டால் ஈரம் வெளியேற வழியின்றி வேர் மூச்சுத் திணறும். அதனால் மழை வெறித்து மேல்மண் சற்று உலர்ந்த பின்பு, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு மூடாக்கு இடுவதே சரி.

இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் மூடாக்கையே தேர்வேன். குளிரில் உதிர்ந்த இலை மாசிக்குப் பின் துளிர்த்துவிடும். அழுகிய வேர் அப்படி எளிதில் மீளாது. மேகமும் மூடுபனியும் கவிந்த இரவுகளில் மண்ணின் வெப்பம் வானுக்குத் தப்புவது குறைவு. ஆகவே அன்று துணி தேவையில்லை. மேகமற்று, காற்றசையாமல், நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் தை மாத இரவுகளே கடுமையானவை. அந்த இரவுகளுக்கு மட்டும் துணியை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இவை இரண்டையும்விடப் பெரிய பாதுகாப்பு, நடும் இடத்தைத் தேர்வதில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஏரியை ஒட்டிய தாழ்வான இடத்தைவிடச் சரிவின் நடுப்பகுதி செம்பருத்திக்கு ஏற்றது. மார்கழி நண்பகலில் இங்கே சூரியன் தென்வானில் சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால், வீட்டின் வடக்குச் சுவரோரம் பெரும்பாலும் நிழலிலேயே கிடக்கும். தெற்குச் சுவரோரம் நட்ட செடிக்குப் பகலில் வெயிலும், இரவில் சுவர் விடும் வெதுவெதுப்பும் கிடைக்கும். தொட்டிச் செடியாக இருந்தால் இந்த வசதியை ஒரே நாளில் செய்து கொடுத்துவிடலாம். எனினும் தொட்டி மண் நிலத்தைவிட விரைவாகக் குளிரும், அதில் ஈரமும் தேங்கினால் வேர் அழுகும் என்பதால், அதைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மீது ஏற்றி, வடிதுளை அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேலம் நகரத்துச் செடிகளுக்குப் போர்வை தேவையே இல்லை. அங்கே குளிர்காலத்தில் இலை மஞ்சளித்தால் எந்த இலை என்று முதலில் பார்க்க வேண்டும். அடியிலைகள் முழுவதும் பழுத்தால் தண்ணீர் மிகுதி என்று சந்தேகிக்கலாம். நுனித் தளிர் வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணிலும், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலும் இது அடிக்கடி வரும்.

கவாத்தைப் பொறுத்தவரை, ஐப்பசியிலேயே வெட்டிவிட்டால் செடி அடர்த்தியாகும் என்று சொல்வோர் உண்டு. சமவெளிக்கு அது பொருந்தலாம். மலையில் ஐப்பசியில் வெட்டினால் கிளைத்து வரும் இளந்தளிர் நேராகக் குளிரில் மாட்டிக்கொள்ளும். வெட்டுக்காயமும் ஆறத் தாமதமாகும். செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால், மாசி பாதியில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் கழித்து, நிறுத்தி வைத்திருந்த தொழு உரத்தையும் வேப்பம் புண்ணாக்கையும் அப்போதே இடுவது நல்லது. அதுவரை தழைச்சத்து உரம் எதையும் கொடுக்க வேண்டாம். மேல்மண்ணை விரலால் தோண்டி, ஓர் அங்குல ஆழம் வரை உலர்ந்திருந்தால் மட்டும் காலை வெயிலில் தண்ணீர் ஊற்றுங்கள்.