அட்வான்ஸ் பரோல் வாங்கித் தருகிறோம் என்று 1,850 டாலரைச் சுருட்டிவிட்டார்கள்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 1,850 டாலர் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

திருநெல்வேலியில் அப்பாவுக்கு மாரடைப்பு, உடனே பைபாஸ் செய்யணும் என்று அக்கா போன் செய்தாள். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல், அதாவது வெளிநாடு போய்த் திரும்பி வருவதற்கான முன் அனுமதி, இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செல்லுபடியாகும் ஹெச்-1பி, எல்-1 வேலை விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. நான் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டையில் வேலை பார்க்கிறேன், ஹெச்-1பி முடிந்துவிட்டது. எனக்கு அந்த வழி கிடையாது.

அவசர பரோல் எடுத்துத் தருவதாக விளம்பரம் போட்டிருந்த, ஆன்லைனில் இமிக்ரேஷன் ஃபார்ம் நிரப்பித் தரும் ஒரு சேவையைக் கூப்பிட்டேன். போனை எடுத்தவர் தமிழில் பேசினார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை அடைப்பு, கூட யார் இருக்கிறார்கள் என்று சொந்தக்காரர் மாதிரி விசாரித்தார். "தம்பி, நீங்க டிக்கெட்டைப் பாருங்க, மத்ததை எங்க அட்டார்னி பாத்துக்குவார்" என்றார். அந்த நேரத்தில் அந்தக் குரல் எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? அரசுக் கட்டணமும் இதிலேயே அடக்கம் என்று சொல்லி 1,850 டாலரை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒரு ரசீது எண் வந்தது. குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் போட்டால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறது. கேட்டால் "சிஸ்டத்துல ஏற நேரமாகும்". மறுபடி கேட்டால் "அட்டார்னி கோர்ட்ல இருக்கார்". சரி, அவர் பெயரையாவது சொல்லுங்கள் என்றால் "அதெல்லாம் வெளியில தரமாட்டோம்". கடைசியில் சொன்னார் பாருங்கள்: "ரசீது இருக்குல்ல தம்பி, நீங்க கிளம்புங்க, பேப்பரை வாட்ஸ்அப்ல அனுப்பிடறோம்." அதைக் கேட்டு விமானம் ஏறியிருந்தால் இத்தனை வருடக் காத்திருப்பும் அதோடு முடிந்திருக்கும். விண்ணப்பித்த ரசீது பரோல் ஆகாது. ஒப்புதல் கிடைத்த ஆவணம் கையில் இருக்க வேண்டும். அப்பா ஐ.சி.யு.வில் கிடக்கிறார் என்று தெரிந்தே ஒருவனிடம் இப்படிச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். "நீங்களே அனுப்பிய பணம்தானே" என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. 1,850 டாலர்! ஆபரேஷனுக்கு நான் போட வேண்டிய கையெழுத்தை அக்கா போட்டாள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. அவசரம் என்றால் யு.எஸ்.சி.ஐ.எஸ். தொடர்பு மையத்தை நீங்களே கூப்பிட்டு, உள்ளூர் ஃபீல்டு ஆபீஸில் அவசர அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். நிரப்பிய ஐ-131 (அட்வான்ஸ் பரோலுக்கான விண்ணப்பப் படிவம்), போட்டோ, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485 போட்டவர்களுக்கு ஐ-131 கட்டணம் தனி. வக்கீல் என்று சொன்னால் மாநில பார் (வழக்கறிஞர் சங்கம்) தளத்தில் பெயரைத் தேடுங்கள். பெயர் சொல்லாதவருக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யில் புகார் கொடுத்துவிட்டேன். அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. கண்ணில் பட்டால் ரிப்போர்ட் செய்யுங்கள்.