இணைய ஏலத்தில் பழைய உளியும் இழைப்புளியும்: என் பதினோரு வருட அனுபவம்

காரைக்குடியில் எனக்கு ஒரு சின்ன மரப்பட்டறை. பழைய வீடுகளின் நிலை, கதவு, தூண் பழுது பார்ப்பதுதான் வேலை. பெரும்பாலும் பர்மாத் தேக்கு. தேக்குக்குள்ளேயே மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தீட்ட வேண்டியிருந்தால், கல்லில் வைத்ததும் கூர் ஏறுகிற இரும்பு வேண்டும். புதிதாக வாங்கிய மலிவு உளிகளில் எனக்கு அது அமையவில்லை. அப்படித்தான் 2014-இல் இணைய ஏலத்துக்குள் வந்தேன்.

முதலில் எடுத்தது ஒரு அங்குல உளி, ஈபேயின் இந்தியத் தளத்தில், 620 ரூபாய்க்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது. அதில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று முத்திரை இருந்தது. விற்றவர் அதை வார்ப்பிரும்பு என்று எழுதிவிட்டார், அதனால் போட்டியே இல்லை. வார்ப்பிரும்பில் உளி செய்ய முடியாது, அடித்தால் உடைந்துவிடும். அந்த முத்திரைக்கு அர்த்தம் வேறு. தட்டார் தங்கத்தை உருக்குகிற மாதிரி, மூசையில் வைத்து உருக்கிய எஃகு. 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருவாக்கிய முறை அது. அந்த உளி இன்றைக்கும் தினமும் என் கையில் இருக்கிறது.

2018 ஆகஸ்ட்டில் ஈபேயின் அந்த இந்தியத் தளம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஏலக் குழுக்கள்தான். ஈபேயில் நம் உச்ச விலையைச் சொல்லிவிட்டால் போதும், போட்டிக்கு ஆள் இருக்கிற அளவுக்கு மட்டும் படிப்படியாக அதுவே ஏற்றிக்கொள்ளும். குழுக்களில் நாமே உட்கார்ந்து கேட்க வேண்டும். இரவு 9 மணிக்கு ஏலம் முடியும் என்றால் 8.55-க்குத்தான் சூடு பிடிக்கும்.

அந்தச் சூட்டை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்கள் பானக பூஜையில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பார்கள். அங்கே விலையை ஏற்றுவது பக்தி. இழைப்புளிக்கு அந்த மனசோடு கேட்கக் கூடாது. ஒருமுறை அப்படிக் கேட்டு, 1,500 பெறாத ஒன்றை 2,900-க்கு எடுத்தேன். இப்போது ஏலத்துக்கு முன்பே பட்டறைப் பலகையில் பென்சிலால் கணக்குப் போடுகிறேன்: சரிசெய்த பிறகு என்ன பெறும், அதில் அலகு, அதாவது வெட்டும் தகடு, மாற்றும் செலவு, என் அரை நாள் கூலி, பார்சல் செலவு போனால் மிச்சம் எவ்வளவு. அந்த எண்ணைத் தாண்டியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

படம் பார்ப்பதில்தான் முக்கால் பங்கு விஷயம் இருக்கிறது. 2019-இல் ஸ்டான்லி கம்பெனியின் 4-ஆம் நம்பர் இழைப்புளி ஒன்று வாங்கினேன். ஐந்து படம் போட்டிருந்தார்கள், எல்லாம் மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்தவை. கைக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தால், அலகு வெளியே வரும் வாயின் ஓரத்திலிருந்து முடி போல ஒரு விரிசல், அதன் மேல் கறுப்புப் பெயிண்ட். பணம் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து மூன்று படம் கேட்காமல் விலை சொல்வதில்லை. அடிப்பக்கத்தில் வாய் தெரிகிற மாதிரி ஒன்று. அலகைக் கழற்றி அதன் தட்டையான பின்புறம் ஒன்று, ஏனென்றால் முனையருகே துரு குழி பறித்திருந்தால் கூர் அந்த இடத்தில் நிற்காது. அலகில் தேயாமல் மிச்சமிருக்கும் நீளம் ஒன்று. அப்புறம் ஒரு வீடியோ: மண்பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, அலகையும் பிடியையும் கழற்றிவிட்டு வெறும் உடலைத் தொங்கவிட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டச் சொல்வேன். கணீரென்றால் சரி, சொத்தென்றால் வேண்டாம். இதற்கெல்லாம் அலுத்துக்கொள்கிறவரிடம் நான் வாங்குவதில்லை.

மேல் துருவுக்குப் பயப்பட வேண்டாம். ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, தேய்த்து, சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் தடவினால் போய்விடும்.

கைரம்பமும் மின்கருவிகளும் ஏலத்தில் வேண்டாம் என்பது என் முடிவு. ரம்பத்தின் நெளிவு படத்தில் தெரியாது, டிரில்லை ஓட்டிப் பார்க்காமல் உள்ளே என்ன கருகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எம்எஸ்டிசி என்கிற அரசு நிறுவனம் நடத்துகிற மாதிரி மின்னேலங்களையும் பார்த்தேன். முன்பணம் கட்டி, பொருள் கிடக்கிற இடத்திலேயே உள்ளது உள்ளபடி மொத்தமாக எடுக்க வேண்டும். என்னைப் போன்ற ஒற்றைப் பட்டறைக்கு அது ஆகாது.

விற்கத் தொடங்கியது கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வேலை முடிந்தபோது. அந்த வீட்டு ஆச்சி, பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கச் சொன்னார்கள். உள்ளே பழைய உளிகள், மூலைமட்டம், நான்கு இழைப்புளி.

"எடைக்குப் போட்டுராதீங்க ஆசாரி. வேலை தெரிஞ்ச கைக்குப் போகணும்," என்றார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கொடுத்திருக்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள், இழைப்புளி யார் வீட்டு வரவேற்பறையிலாவது போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஏலத்தில் போட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் படமாகக் குறையைத்தான் வைத்தேன், பக்கத்தில் அளவுகோலோடு. மெருகு ஏற்றவில்லை. கேள்விகள் குறைந்தன, நான் நினைத்ததைவிட நல்ல விலையும் வந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பணத்தை ஆச்சியிடம் கொடுத்தபோது என் கூலிக்கு மேல் 500 எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கட்டி அனுப்புவதில் மட்டும் சோம்பல் கூடாது. இரும்பு இழைப்புளியின் உடல்தான் வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் உடையும். அலகைக் கழற்றித் தனியாகச் சுற்றி, முனைக்கு அட்டை உறை போட்டு, பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வராத அளவுக்குத் துணி அடைக்கிறேன்.

ஆச்சியின் மரப்பெட்டியில் இன்னும் ஒன்று பாக்கி: காடி (நீளப் பள்ளம்) எடுக்கும் மர இழைப்புளி, அலகை இறுக்கும் ஆப்பு இல்லை, அடியில் ஓர் ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏலத்தில் வைக்கிறேன், 200 ரூபாயிலிருந்து. பூச்சி அரித்த இடம்தான் முதல் படம்.