லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஃபோட்டோ கலெக்‌ஷன்: பழைய ஆபீஸ் மெஷினும் ஈஸ்ட் சைடு யூதர்களும்

ரெண்டு மாசமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் நான் போய் உக்கார்ற இடம் இதுதான். அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆன்லைன்ல வச்சிருக்கிற ஃபோட்டோ கலெக்‌ஷன். காசு கிடையாது, லாகின் கிடையாது. நான் தேடிப் போனது ரெண்டே விஷயம், ஆரம்ப காலத்து ஆபீஸ் மெஷின் படங்க, அப்புறம் நூறு வருஷத்துக்கு முன்னாடி நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடுல குடியேறுன யூதர்களோட அன்றாட வாழ்க்கை. ரெண்டும் ஒரே இடத்துல இவ்ளோ கிடைக்கும்னு சத்தியமா எதிர்பாக்கல.

யூதர் பக்கத்துக்கு முதல்ல பாக்க வேண்டியது பெயின் கலெக்‌ஷன். ஜார்ஜ் கிரந்தம் பெயின்ங்கிறவர் 1898ல ஆரம்பிச்ச செய்திப்பட ஏஜென்சி, பத்திரிகைங்களுக்கு ஃபோட்டோ விக்கிற தொழில். அவங்களோட கண்ணாடி நெகட்டிவ் கிட்டத்தட்ட 40,000 இருக்கு, லைப்ரரி 1948ல வாங்கிருச்சு. பெரும்பாலும் 5 இன்ச்சுக்கு 7 இன்ச் கண்ணாடி, அதோட ஓரத்துலயே படம் என்னன்னு கையால எழுதி வச்சிருப்பாங்க, நாலே நாலு வார்த்தை, ஆள் பேர் பாதி தப்பா இருக்கும், தேதி பல படத்துல இருக்கவே இருக்காது. லைப்ரரியும் மறைக்காம, இது பெயின் ஆளுங்க எழுதுன தகவல், நாங்க சரிபார்க்கலன்னு ஒவ்வொரு படத்துக்கும் கீழ போட்டிருக்காங்க. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

தேடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இது தெரியாம நான் முதல் வாரம் பூரா வீணாக்கிட்டேன். நாம இன்னிக்கு சொல்ற வார்த்தைல தேடக்கூடாது, அன்னிக்கு பத்திரிகை ஆபீஸ்ல எழுதுன வார்த்தைல தேடணும். யூதப் புது வருஷத்தை அவங்க சொல்ற மாதிரி ரோஷ் ஹஷானான்னு போடாதீங்க, 'ஜூயிஷ் நியூ இயர்'னு இங்கிலீஷ்ல போடுங்க. அப்ப வரும் பாருங்க, 1909 வாக்குல வில்லியம்ஸ்பர்க் பாலத்து மேல புது வருஷத்தன்னிக்கு கும்பலா நின்னு பிரார்த்தனை பண்றவங்க. பாவத்தை ஓடுற தண்ணில விட்டுடறதா ஒரு வழக்கம், தஷ்லிக்னு பேரு, அதுக்குத்தான் ஆத்தங்கரைக்கு பதிலா பாலத்துக்கு வந்து நிக்கிறாங்க. கீழ போறது ஈஸ்ட் ரிவர். ஊர் விட்டு ஊர் வந்தவங்க கைக்கு கிடைச்ச தண்ணியை வச்சு தன் சடங்கை விடாம பண்ணிருக்காங்கன்னு நினைச்சப்ப மனசு என்னமோ பண்ணிருச்சு.

என் மனசுல நின்ன படம் ஆனா வேற. ரெண்டு பொண்ணுங்க, 1909 மே 1 தொழிலாளர் ஊர்வலத்துல எடுத்ததா இருக்கலாம்னு லைப்ரரி குறிப்பு சொல்லுது. ரெண்டு பேர் மேலயும் குறுக்கால ஒரு பட்டை, குழந்தை அடிமைத்தனத்தை ஒழியுங்கள்னு ஒண்ணுல இங்கிலீஷ், இன்னொண்ணுல கிழக்கு ஐரோப்பா யூதர்கள் பேசுன யித்திஷ் மொழி. சின்ன சைஸ்ல பாத்தா வெறும் போராட்டப் படம்தான். பெரிய டிஃப் ஃபைலை இறக்கி ஜூம் பண்ணா துணி மடிப்புல சில எழுத்து உள்ள போயிருக்கறது தெரியுது, பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறவங்களும் தெரியுறாங்க. யித்திஷ் எபிரேய எழுத்துல வலமிருந்து இடமா எழுதுறது, எனக்குப் படிக்க வராது, இருந்தாலும் அந்த எழுத்தையே அரை மணி நேரம் பாத்துட்டிருந்தேன்.

மெஷின் பக்கம் வந்தா நேஷனல் ஃபோட்டோ கம்பெனி கலெக்‌ஷன், ஹாரிஸ் அண்ட் யூவிங் கலெக்‌ஷன், ரெண்டுமே வாஷிங்டன் ஸ்டூடியோ, அதனால அரசு ஆபீஸ் படங்க கொட்டிக் கிடக்கு. கட்டாயம் பாக்க வேண்டியது 1924ல எடுத்த போனஸ் பீரோ கம்ப்யூட்டிங் டிவிஷன் படம். கம்ப்யூட்டிங்னா இங்க மனுஷங்கதான், வரிசை வரிசையா மேசை போட்டு கூட்டல் மெஷின் வச்சு கணக்குப் போடறவங்க. ஏன் இவ்ளோ பேருன்னா, முதல் உலகப் போருக்குப் போன ஒவ்வொரு சிப்பாய்க்கும் உள்நாட்டுல இருந்த நாளுக்கு 1 டாலர், வெளிநாட்டுல இருந்த நாளுக்கு 1.25 டாலர் போனஸ்னு அந்த வருஷம் ஒரு சட்டம் வந்துச்சு, ஒவ்வொருத்தருக்கும் நாள் கணக்கு வேற, தொகையும் வேற, அத்தனையையும் தனித்தனியா கூட்டணும்.

அந்தக் காலத்து கூட்டல் மெஷின் பலதையும் கிட்டத்துல பாத்தீங்கன்னா விசைங்க பத்திப் பத்தியா, அதாவது ஒன்னு, பத்து, நூறுன்னு இடத்துக்கு ஒரு நெட்டு வரிசையா இருக்கும், ஒரு பத்திக்கு 1ல இருந்து 9 வரைக்கும்தான். பூஜ்யத்துக்கு விசையே வேணாம், அந்தப் பத்தியை அமுக்காம விட்டாலே பூஜ்யம். இது புரிஞ்சதுக்கு அப்புறம் படத்துல விரல் எந்தப் பத்தில இருக்குன்னு தேட ஆரம்பிச்சுட்டேன், மணி போனதே தெரியல.

குறைன்னு சொன்னா படத்துல இருக்கிற வேலைக்காரங்க பேரு தெரியாது. மெஷின் கம்பெனி பேரு இருக்கும், ஆபீஸ் பேரு இருக்கும், அதை இயக்குன பொண்ணு யாருன்னு இருக்காது. அது அன்னிக்கு எழுதாம விட்ட தப்பு, இதுக்காக நான் மார்க் குறைக்க மாட்டேன். பெயின் படங்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல் உண்டு, 2008ல இருந்து ஃப்ளிக்கர் காமன்ஸ்ங்கிற ஃபோட்டோ பகிர்ற தளத்துலயும் போட்டு வர்றாங்க, அங்க பொதுமக்கள் பழைய பேப்பரைத் தேடி எடுத்து பேரு, தேதி எல்லாம் கமெண்ட்ல திருத்துறாங்க. படம் பிடிச்சிருந்தா அந்த கமெண்ட்டையும் ஒரு தடவை படிச்சிருங்க.

இன்னொண்ணு, எல்லா கலெக்‌ஷனும் இப்படி திறந்து கிடக்காது. உரிமை சிக்கல் இருக்கிற படத்துக்கு வெளில இருந்து பாத்தா சின்ன சைஸ் மட்டும்தான் வரும். பயன்படுத்துறதுக்கு முன்னாடி உரிமைன்னு போட்டிருக்கிற வரியை பாத்துக்கோங்க, பெயின் படங்களுக்கு தெரிஞ்ச தடை எதுவும் இல்லன்னு இருக்கும்.

பாலத்துப் படத்தை பெருசா பிரிண்ட் போட ஒரு கடைல குடுத்தேன். அவங்க அழகா இருக்கும்னு நினைச்சு கறுப்பு ஓரத்தை வெட்டி எடுத்துட்டாங்க, கண்ணாடி மேல பெயின் ஆளுங்க கையால எழுதுன வரி அதோட போயிருச்சு. திருப்பிக் குடுத்து ஓரத்தோடவே போடச் சொல்லி இன்னொரு தடவை காசு கட்டி வாங்குனேன். நீங்க பிரிண்ட் போட்டா வெட்டாதீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க, படத்தோட எண்ணையும் பின்பக்கம் பென்சில்ல எழுதி வச்சுக்கோங்க, பெயின் நெகட்டிவ்னா எல்சி-பி2ன்னு ஆரம்பிக்கும், அந்த எண் இல்லாம அதே படத்தை மறுபடி கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆச்சு.