பாம்பனுக்குப் பஸ்ஸில் வந்த நூல் கண்டுகள்

இராமநாதபுரம் அரண்மனையை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு தையல் சாமான் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் லேஸ் சுருள்கள் தொங்கும், அதுதான் அடையாளம். இருபது வருஷமாக ஹூக், லைனிங் துணி, ஃபால்ஸ் எல்லாம் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் அந்தக் கடையின் அருமை தெரிந்தது இந்த வருஷம், கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்தபோதுதான்.

நான் பாம்பனில் டெய்லர். மிதி மிஷின். வலது கால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்ந்து, அதன் அடிமூட்டில் எலும்பு துருத்திக்கொண்டு, செருப்பே போட முடியாத நிலைக்கு வந்து, கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். எலும்பை வெட்டி நேராக்கி இரண்டு ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குக் குதிகாலை மட்டும் ஊன்றி பாத்ரூம் வரை போய் வரலாம், மற்ற நேரமெல்லாம் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு தலையணை, அதன்மேல் கால், எதிரே துணி போட்டு மூடிய மிஷின். நாலாவது நாள் அதைப் பார்த்து அழுதுவிட்டேன். தைக்காமல் என் கை இத்தனை நாள் சும்மா இருந்ததே இல்லை.

கடைக்குப் போன் போட்டேன். "பாய், எம்பிராய்டரி நூல் கொஞ்சம் பாம்பன் பஸ்ல போட்டுவிடுவீங்களா?"

"விடுறேன் தங்கச்சி. உக்காந்து தைப்பியா, படுத்துக்கிட்டா?"

இந்தக் கேள்விக்காகவே அந்தக் கடைக்கு முழு மார்க் போடலாம். துணியை இழுத்துப் பிடித்துக்கொள்கிற மர வளையம், ரிங், அதில் எட்டு இஞ்சு கேட்டிருந்தேன். படுத்தபடி மார்புமேல் பிடித்துத் தைக்க அது பெரிசு, மணிக்கட்டு வலிக்கும், அஞ்சு இஞ்சு எடுத்துக்கோ என்றார். சொன்னது சரிதான். ஒரு கையால் பிடித்தாலே ரிங்கின் நடு வரைக்கும் விரல் எட்டுகிறது. மரம் வழவழப்பாக இருக்கிறது, திருகு பித்தளை. அதற்கு முன்னால் மகள் ஆன்லைனில் வரவழைத்த ரிங் இரண்டாம் நாளே இணைப்பில் பிளந்து, செதில் நூலைப் பிடித்து இழுத்தது. உள் வளையத்தில் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. அந்த நாடாவையும் பாய் கேட்காமலே வைத்திருந்தார்.

முதல் பார்சலில் வந்தது: ஆங்கர் கம்பெனி எம்பிராய்டரி நூல் பன்னிரண்டு கண்டு, ஒரு மீட்டர் வெள்ளைக் கேஸ்மென்ட் துணி, ஊசிப் பாக்கெட் ஒன்று, நீலக் கார்பன் இரண்டு தாள். படம் வரைந்து துணியில் இறக்க எப்போதும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துத்தான் எடுப்பேன். இப்போது நிற்க முடியாதே, அதற்குத்தான் கார்பன்.

நூலைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் 24 மீட்டர் கிடைக்கும். காகிதப் பட்டையைக் கழற்றவே வேண்டாம், தொங்கும் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சிக்கில்லாமல் வரும். ஒரு முழம் வந்ததும் வெட்டிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் துணிக்குள் போய்ப் போய் நூல் பஞ்சாகிவிடும். பிரிக்கும்போது ஒரே இழையை மட்டும் பிடித்து நேராக மேலே உருவ வேண்டும். மற்ற ஐந்தும் கீழே சுருங்கிக் குவியும், உருவி முடித்ததும் தானாக நீண்டுவிடும். இரண்டை ஒன்றாக இழுத்தால் சிக்குதான். பிறகு இரண்டு இழையை மறுபடி சேர்த்துக் கோத்தால் தையல் படிந்து உட்காரும், ஒட்டியபடியே கோத்தால் அப்படி உட்காராது. மிஷினில் மூன்று நிமிஷத்தில் ஒரு பக்கத் தையல் அடித்துவிடுகிற எனக்கு, இந்த ஒரு முழ நூலைத் தயார் செய்யவே அவ்வளவு நேரம் ஆனது. அந்த நேரம் கால் வலி நினைவில் இல்லை.

சாயம் போகுமா என்று சிவப்பை வெந்நீரில், வெள்ளைத் துண்டோடு சேர்த்து ஒரு ராத்திரி ஊறவைத்துப் பார்த்தேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது. முன்பு ஒருமுறை பெயர் தெரியாத மலிவு நூலில் தலையணை உறை தைத்துக் கொடுத்து, முதல் துவைப்பிலேயே ரோஜாப்பூ சாயம் இறங்கி, வாங்கிய மதினி முகத்தில் விழிக்க முடியாமல் போன அனுபவம் எனக்கு உண்டு.

தைத்தது என்ன தெரியுமா, எங்கள் பாலம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025-ல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில். புதுப் பாலத்தின் நடுவில், கப்பல் போவதற்காக மேலே தூக்குகிற அந்த 72.5 மீட்டர் இரும்பை என் துணியில் மூன்று இஞ்சில் அடக்கினேன். இரும்புச் சட்டங்களுக்குக் கறுப்பு, 403-ம் நம்பர், ஒற்றை இழை, பின் தையல். மாத்திரை போட்டால் தூக்கம் கண்ணைச் சுற்றும், அதனால் எண்ணித் தைக்கிற கிராஸ் ஸ்டிச் பக்கம் போகவில்லை. காம்புத் தையலும் சங்கிலித் தையலும் ஒரு நூல் அப்படி இப்படிப் போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

கடலில்தான் திண்டாடினேன். பாலத்துக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். நான் படுத்திருந்தது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலம். அந்த மாதங்களில் தென்கடல் கலங்கிப் புரளும், வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். இரண்டுக்கும் ஒரே நீலம் போட்டால் பாம்பன்காரர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மகள் கரையில் போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பினாள். போனில் தெரிகிற நிறம் ஒன்று, வந்த நூல் வேறு. இரண்டாவது தடவை பாயே சொன்னார்: "போட்டோ வேணாம், அட்டைல இருக்கிற நம்பரைச் சொல்லு தங்கச்சி." வீட்டில் இருந்த நீலத்தின் நம்பரைச் சொல்லி, இதைவிட இரண்டு படி பச்சை கலந்தது வேண்டும் என்றேன். வந்தது அப்படியே வடகடல். தென்கடலுக்கு ஒரு இழை நீலமும் ஒரு இழை சாம்பலும் சேர்த்து ஊசியில் கோத்தேன், அலை முறுக்கிக்கொண்டு வருவது மாதிரியே விழுந்தது. ஓரத்தில் பழுப்பு நூலில் ஒரு வத்தை, எங்கள் ஊர் மீன்பிடிப் படகு.

குறைகளும் உண்டு. நீலத்திலும் பச்சையிலும் அந்தக் கடையில் வகை குறைவு, ஒரு நம்பருக்குப் பத்து நாள் காத்திருந்தேன். ஒரு பார்சல் பாம்பனில் இறங்காமல் ராமேஸ்வரம் வரை போய்த் திரும்பியது. ஊசிப் பாக்கெட்டின்மேல் நம்பர் அழிந்திருந்தது. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்பது தெரிந்ததால் கையால் தடவிப் பிரித்துக்கொண்டேன், புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கஷ்டம்.

ஊசி விஷயத்தில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. ஒரு ராத்திரி ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் வெள்ளையில் கடுகளவு துருப்புள்ளி. உப்புக் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் காட்டியதில் மங்கியது, முழுதாகப் போகவில்லை. அன்றிலிருந்து ஊசிகள் மாத்திரை டப்பாவில்தான், அதில் கிடந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு.

ஏழாவது வாரம் நானே கடைக்குப் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கால் வைக்க ஒரு நூல் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார் பாய். துணியை வாங்கி முன்பக்கம் பார்க்கவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "முடிச்சே இல்லையே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது காலையில் ஒரு மணி நேரம் மிஷின், இடது காலால்தான் மிதிக்கிறேன். சாயங்காலம் வீக்கம் வரும், கால் தலையணை மேல் ஏறும், ரிங் கைக்கு வரும். அடுத்தது தனுஷ்கோடி, மணல் நிறத்தில் நாலு நம்பர் சொல்லியிருக்கிறேன். கடைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் போக வேண்டாம், பூட்டியிருக்கும்.